றோஸ் சட்டை, நாலு வயது

எங்கள் கரையில் பட்டத் திருவிழா நடக்கும் நாளில் அறிவிப்பாளர் நான்தான். வல்வெட்டித்துறையில் பொங்கலன்று நடக்கும் பெரிய விழாவுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, அதே வாடைக்காற்றை நம்பி, எங்கள் அளவுக்கு நாங்களும் ஒன்று நடத்துகிறோம். சின்ன விழா என்றுதான் பெயர். ஆனால் குடாநாட்டின் எல்லாப் பக்கத்திலிருந்தும் வாடகை வான் பிடித்துச் சனம் வந்துவிடும். வந்த அத்தனை பேரும் அண்ணாந்து வானத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். பிள்ளைகள் மட்டும் நிலத்தைப் பார்த்து நடப்பார்கள். நண்டு வளை, ஐஸ்கிறீம் வான், யாரோ ஒருவரின் நாய் என்று எதையாவது பின்தொடர்ந்து போய்விடுவார்கள். பட்டங்களைப் பற்றிப் பேசுவதற்கென்று என்னிடம் தந்த மைக்கில் பாதி நேரம் நான் தொலைந்த பிள்ளைகளைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருப்பேன்.

வினோஜா எனக்கு அறிமுகமானதும் அப்படித்தான்.

அவள் நெல்லியடியில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறாள். கணவன் சிவகரன் மீன்பிடி வள்ளங்களின் எஞ்சின் திருத்துகிறவன். ஒரே பிள்ளை தனோஜன். சாதாரணக் குடும்பம். உயர்தரம் வரை படித்தாள், பல்கலைக்கழகம் கிடைக்கவில்லை, கடைக்குப் போனாள். கடையில் அவளைப் பற்றிக் கேட்டால் முதலாளி வாகீசன் சேலைப் படக் கதையைத்தான் முதலில் சொல்வார்.

அவள் வேலைக்குச் சேர்ந்தபோது சேலைகளை விலைப்படி அடுக்கி வைத்திருந்தார்கள். வருகிறவர்கள் யாரும் விலையைச் சொல்லிக் கேட்பதில்லை. ஒருத்தி வந்து, "மாமிக்குக் குடுக்க, கண்ணைக் குத்தாத நிறமாய் ஒண்டு காட்டுங்கோ" என்பாள். இன்னொருத்தி, "போன மாசம் என்ரை மச்சாள் எடுத்தவ, அது மாதிரி" என்பாள். செத்தவீட்டு அந்தியேட்டிக்குக் கொடுக்க, சாமத்தியச் சடங்குக்கு உடுக்க, வெளிநாட்டில் இருந்து வந்த தங்கச்சிக்குப் பரிசாக என்று ஆளுக்கொரு வழியாய்க் கேட்பார்கள். கேட்ட ஒவ்வொரு முறையும் அடுக்கைக் கலைத்துத் திரும்ப அடுக்க வேண்டும். வினோஜா ஒரு வேலை செய்தாள். ஒவ்வொரு சேலையையும் போனில் படம் பிடித்தாள். அந்தப் படத்தை நிறத்துக்கு ஒரு தொகுப்பு, விலைக்கு ஒரு தொகுப்பு, விசேசத்துக்கு ஒரு தொகுப்பு என்று பல இடத்தில் சேர்த்து வைத்தாள். முதலாளிக்கு இது விளங்கவில்லை.

"ஒரு சீலைக்கு ஏழு படமோ பிள்ளை?"

"இல்லை அண்ணை, படம் ஒண்டுதான். ஏழு வாசல் வைச்சிருக்கிறன். ஆர் எந்த வாசலாலை வந்தாலும் சீலையிட்டைப் போய்ச் சேருவினம்."

அவர் முதலில் சிரித்தார். தைப்பொங்கல் வியாபாரத்தின்போது அடுக்குக் கலையாமல் கடை நடந்ததைக் கண்ட பிறகு, மற்ற இரண்டு பெண்களுக்கும் அதைக் காட்டிக் கொடுக்கச் சொன்னார்.

இதெல்லாம் எனக்குப் பிறகு தெரியவந்தவை. நான் அவளை முதலில் கண்டபோது, செருப்பு ஒன்று அறுந்து, கையில் அதைப் பிடித்துக்கொண்டு, கரையெல்லாம் ஓடிக்கொண்டிருந்தாள். தனோஜனைக் காணவில்லை. அவனுக்கு அப்போது மூன்று வயது.

விழாவன்று எங்களுக்கு இரண்டு கொட்டில்கள் உண்டு. கிழக்கே வைரவர் கோயிலடியில் ஒன்று, அதில் நான் மைக்கோடு இருப்பேன். மேற்கே வாகனங்கள் நிறுத்தும் இடத்தில் மற்றது. இரண்டிலும் ஒவ்வொரு கொப்பி. பிள்ளையைத் தேடி வருகிறவர்கள் சொல்வதையும், பிள்ளையைக் கண்டெடுத்துக் கொண்டுவருகிறவர்கள் சொல்வதையும் வந்த ஒழுங்கில் எழுதிக்கொண்டு போவோம். அன்றைக்கு வினோஜா மேற்குக் கொட்டிலில் "தனோஜன், மஞ்சள் சட்டை" என்று பதிந்துவிட்டு ஓடினாள். தனோஜனோ சட்டையைக் கழற்றி எங்கோ எறிந்துவிட்டு என் கொட்டில் வாங்கில் உட்கார்ந்து கடலை தின்றுகொண்டிருந்தான். பெயர் கேட்டபோது "தம்பி" என்றான். தன் பெயர் தம்பி என்று சொல்லும், சட்டை போடாத குழந்தை ஒன்று இருக்கிறது என்று நான் திரும்பத் திரும்ப அறிவித்தேன். யாழ்ப்பாணத்தில் தம்பி இல்லாத வீடு எது? ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கழிந்து, சிவகரன் தற்செயலாக என் கொட்டிலைக் கடந்து போனபோதுதான் பிள்ளை கிடைத்தான்.

மறுநாள் காலையில் வினோஜா என் வீட்டுக்கு வந்தாள். சண்டைக்கு வருகிறாள் என்றுதான் நினைத்தேன்.

"சபா அண்ணை, நேற்று நீங்கள் என்ரை பிள்ளையைப் பற்றித்தான் சொல்லிக்கொண்டு இருந்தனியள். நானும் கேட்டுக்கொண்டுதான் ஓடினனான். ஆனால் அது என்ரை பிள்ளையெண்டு எனக்கு விளங்கேல்லை."

"உங்கடை மகன் தன்ரை பேர் தம்பி எண்டுதானே சொன்னவர்?"

"ஓம். வீட்டிலை நாங்கள் தம்பி எண்டுதான் கூப்பிடுறனாங்கள். அவர் பொய் சொல்லேல்லை. நான் தனோஜன் எண்டு எழுதினனான், நானும் பொய் சொல்லேல்லை. ரண்டும் ஒண்டையொண்டு சந்திக்கேல்லை, அவ்வளவுதான். அடுத்த வருசம் நான் வந்து உங்களோடை இருக்கட்டோ?"

கனகசபாபதியாகிய எனக்கு உதவிக்கு ஆள் வேண்டியிருந்தது. "வாருங்கோ" என்றேன்.

அடுத்த வருடம் அவள் கொப்பியை எடுத்து ஒருபக்கம் வைத்துவிட்டாள். "கொப்பியிலை எழுதினது எழுதின இடத்திலையே கிடக்கும் அண்ணை. நமக்குத் தேவையான நேரம் இடம் மாறாது" என்றாள். கடையில் சேலைப் பெட்டிகளின் மட்டைகளை வெட்டிச் சீட்டுகளாக்கிக் கொண்டுவந்தாள். ஒரு பிள்ளைக்கு ஒரு சீட்டு. மேசையில் வைத்தால் கடற்காற்று ஒன்றையும் மிச்சம் விடாது. ஆகையால் கொட்டிலின் மரக் கப்புகளுக்கிடையில் இரண்டு நைலோன் கயிறுகளைக் கட்டி, உடுப்புக் காயப்போடுகிற கிளிப்புகளால் சீட்டுகளைக் கொளுவினாள். மேல் கயிற்றில் தேடப்படுகிற பிள்ளைகள். கீழ்க் கயிற்றில் கிடைத்த பிள்ளைகள். மேற்குக் கொட்டிலில் ஒரு பிள்ளை கிடைத்தால் அவர்கள் போனில் சொல்வார்கள், நாங்களும் ஒரு சீட்டு எழுதிக் கொளுவுவோம்.

முதலில் வயதுப்படி கொளுவினாள். அது சரிவரவில்லை. தகப்பன்மாரிடம் வயதைக் கேட்டால், "மூண்டு... பொறுங்கோ, நாலோ தெரியாது, தாயைக் கேப்பம்" என்பார்கள். பிறகு உடுப்பின் நிறப்படி மாற்றினாள். அது நன்றாகவே வேலை செய்தது. நிறம் பார்ப்பது அவள் தொழில். ஒருவர் சிவப்பு என்பதை இன்னொருவர் செம்மஞ்சள் என்பார் என்று தெரிந்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் கொளுவுவாள். சீட்டில் கேள்விகளும் கூடின. வீட்டில் கூப்பிடும் பெயர் என்ன என்பது தனோஜனால் வந்த கேள்வி. எப்போது தொலைந்தது என்ற கேள்விக்கு ஒருவரும் சரியான நேரம் சொல்வதில்லை என்று கண்டு, "பிள்ளையைக் கடைசியாப் பாக்கேக்கை என்ன பட்டம் மேலை நிண்டது?" என்று கேட்கத் தொடங்கினாள். அதை எல்லாரும் சரியாகச் சொன்னார்கள். எந்தப் பட்டம் எப்போது ஏறியது என்பதை மைக்கில் சொன்னவன் நான் என்பதால் மிச்சத்தை நான் பார்த்துக்கொண்டேன்.

இப்படி இரண்டு மூன்று விழாக்கள் நல்லபடி போயின. அதன்பிறகு வந்த விழாவில்தான் குருநகரிலிருந்து வந்த குடும்பத்தின் பிள்ளை தொலைந்தது.

அன்று காற்றும் பலம், கடலும் பலம். அலை வழமையாக நிற்கிற இடத்தைத் தாண்டி ஏறி வந்துகொண்டிருந்தது. பொடியள் கட்டிய திமிங்கிலப் பட்டம் நான்கைந்து தரம் குத்திவிழுந்து, கடைசியில் பத்துப் பேர் இழுத்து ஏற்றினார்கள். அது வால் அடித்து எழும்பியபோது கரை முழுவதும் கூவியது. அந்தக் கூச்சல் அடங்கிக் கொஞ்ச நேரத்தில் ஒரு மனிதர் கொட்டிலுக்குள் ஓடி வந்தார். கடலில் நின்று கறுத்த உடம்பு. ஆனால் முகம் வெளிறியிருந்தது.

"அண்ணை, என்ரை பிள்ளையைக் காணேல்லை. மைக்கிலை சொல்லுங்கோ. மெரிஷா. றோஸ் சட்டை, நாலு வயது. கெதியாச் சொல்லுங்கோ."

நான் சொன்னேன். அதற்கிடையில் வினோஜா சீட்டை எடுத்துவிட்டாள். அவர் பெயர் லெனாட். மனைவி ஜெசிதாவும் பின்னாலேயே வந்து சேர்ந்தாள். இரண்டு குடும்பம் ஒரு வானில் வந்திருந்தார்கள். பிள்ளை ஜெசிதாவின் தமக்கை குடும்பத்தோடு நிற்கிறது என்று இவர்களும், இவர்களோடு நிற்கிறது என்று அவர்களும் நினைத்திருக்கிறார்கள்.

"வீட்டிலை என்னெண்டு கூப்பிடுறனீங்கள் அக்கா?" என்று வினோஜா கேட்டாள்.

ஜெசிதாதான் பதில் சொன்னாள். "மெரி எண்டு. ஆனால் அவ சொல்லமாட்டா தங்கச்சி. அவவுக்கு இன்னும் பேச்சு வரேல்லை. டொக்டரிட்டைக் காட்டிக்கொண்டு இருக்கிறம். பேர் கேட்டாலும் சும்மா பாத்துக்கொண்டுதான் நிப்பா."

கீழ்க் கயிற்றில் றோஸ் நிறச் சட்டை ஒன்றும் இல்லை. சிவப்பும் இல்லை. பெண்பிள்ளைகள் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருத்தி பச்சைப் பாவாடை, ஏழு வயது, பாட்டே பாடிக்கொண்டிருந்தாள். மற்றப் பிள்ளை மேற்குக் கொட்டிலில், ஊதா நிறச் சட்டை. றோஸை ஊதா என்று யாரும் எழுதியிருக்கலாம் என்று லெனாட் சனத்தை இடித்துக்கொண்டு மேற்கே ஓடினார். பாதி வழியிலேயே, கொட்டிலில் இருந்து தாய் தூக்கிக்கொண்டு வந்த ஊதாச் சட்டைப் பிள்ளை அவருக்கு எதிர்ப்பட்டது, அது வேறு பிள்ளை. திரும்பி வரும்போது அவர் ஓடவில்லை, நடந்து வந்தார். அவர் முகத்தைத் தூரத்தில் பார்த்தவுடனேயே ஜெசிதா மணலில் இருந்துவிட்டாள்.

"அந்தோனியாரே, என்ரை பிள்ளையைத் தாரும்" என்று மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டே இருந்தாள். அவள் பார்வை அலையிலேயே நின்றது. எங்கள் எல்லாருடைய பார்வையும் அங்கேதான் போனது. விழாக் குழுவின் பொடியள் சிலர் தண்ணீர் ஓரமாக நடக்கத் தொடங்கினார்கள். லெனாட் சட்டையைக் கழற்றி என் மேசையில் போட்டுவிட்டு அவர்களோடு போனார். நான் பட்டங்களைப் பற்றிச் சொல்வதை நிறுத்திவிட்டு, றோஸ் சட்டை, நாலு வயது என்பதையே சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்லச் சொல்ல என் குரல் எனக்கே பிடிக்காமல் போனது.

வினோஜா கயிற்றுக்கு முன்னால் நின்றாள். கீழ்க் கயிற்றிலிருந்த எல்லாச் சீட்டுகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றிக் கையில் அடுக்கினாள்.

"என்ன பிள்ளை செய்யிறீர்?" என்று மைக்கை மூடிக்கொண்டு கேட்டேன்.

"நிறத்தாலை பாத்தம், இல்லை. பொம்பிளைப்பிள்ளை எண்டு பாத்தம், இல்லை. அப்ப அந்த ரண்டையும் விடுவம். வேறை மாதிரிக் கொளுவிப் பாப்பம்." ஜெசிதாவிடம் குனிந்தாள். "அக்கா, கடைசியாப் பிள்ளையைப் பாக்கேக்கை மேலை என்ன நிண்டது?"

"அந்தப் பெரிய மீன்... ஏத்த ஏத்த விழுந்துகொண்டு இருந்துது. ஐஸ்கிறீம் வானடியிலை நிண்டனாங்கள்."

ஐஸ்கிறீம் வான் நின்றது கரையின் நடுவில். அங்கிருந்து கிழக்கே வந்தாலும் மேற்கே போனாலும் தூரம் ஒன்றுதான். வினோஜா சீட்டுகளைப் பட்டங்களின் வரிசைப்படி திரும்பக் கொளுவினாள். திமிங்கிலத்தை ஏற்றத் தொடங்குமுன் கிடைத்த பிள்ளைகள் எல்லாம் ஒருபக்கம் போனார்கள். அவர்கள் மெரிஷாவாக இருக்க முடியாது. அதற்குப் பிறகு வந்தவை மூன்று சீட்டுகள். ஒன்று பாட்டுப் பாடுகிற பச்சைப் பாவாடை. இன்னொன்று கண்ணாடி போட்ட பெரிய பொடியன். மூன்றாவது மேற்குக் கொட்டிலிலிருந்து போனில் சொன்னது. பொடியன், மூன்று வயது இருக்கும், நீல ரீ-சேட், கதைக்கவில்லை.

வினோஜா அந்த மூன்றாவது சீட்டைக் கழற்றி மேல் கயிற்றில் மெரிஷாவின் சீட்டுக்குப் பக்கத்தில் கொளுவினாள்.

"அது பொடியன் எல்லோ?" என்றேன்.

"பொடியன் எண்டு ஆர் சொன்னது அண்ணை? பிள்ளை சொல்லேல்லை. பிள்ளைதான் கதைக்கேல்லையே. ஆரோ பாத்திட்டுச் சொன்னது."

இதை அவள் என் காதுக்குள்தான் சொன்னாள். ஒருமுறை ஓடிப்போய் ஏமாந்து வந்தவர்களை இன்னொருமுறை ஓடவிட அவளுக்கு மனம் வரவில்லை. ஜெசிதாவுக்குப் பக்கத்தில் மணலில் போய் இருந்தாள். அவசரம் எதுவும் இல்லாத மாதிரி, கடையில் ஒரு வாடிக்கையாளரோடு கதைக்கிற மாதிரிக் கேட்டாள்.

"அக்கா, பிள்ளைக்குத் தலைமயிர் நீளமோ?"

"நீளமாத்தான் இருந்தது. பேன் கடியெண்டு போன கிழமைதான் ஒட்ட வெட்டினனான்."

"தோடு?"

ஜெசிதா கையை விரித்தாள். அவளுடைய சின்னப் பேர்சுக்குள் ஒரு சோடி குட்டித் தோடுகள் கிடந்தன. "சனத்துக்குள்ளை ஆரும் இழுத்துப்போடுவினம் எண்டு வரேக்கை வானுக்குள்ளை வைச்சு நான்தான் கழட்டினனான்."

நான் மேல் கயிற்றில் கிடந்த நீல ரீ-சேட் சீட்டைத் திரும்பிப் பார்த்தேன். வினோஜா முகத்தில் எதையும் காட்டவில்லை.

"உடுப்பு மாத்த வேறை ஏதும் கொண்டு வந்தனீங்களோ?"

"இல்லை. றோஸ் சட்டை ஒண்டுதான்."

வினோஜாவின் கணக்கு அந்த இடத்தில்தான் முட்டி நின்றது. நீல ரீ-சேட் எங்கிருந்து வந்தது? வினோஜா கேள்வியை மாற்றினாள்.

"அக்கா, உங்கடை பிள்ளை என்ன செய்வா? தூக்கினால், பயந்தால், நித்திரை வந்தால்... மற்றப் பிள்ளையள் செய்யாத ஏதாவது?"

ஜெசிதா முதல் தடவையாகக் கடலிலிருந்து கண்ணை எடுத்தாள். "காதைப் பிடிப்பா. ஆர் தூக்கினாலும் அவையின்ரை காதுச் சோணையைப் பிடிச்சு உருட்டிக்கொண்டு இருப்பா. தகப்பன்ரை இடது காது எந்த நேரமும் சிவந்துதான் இருக்கும்."

வினோஜா எழுந்து கொட்டிலின் பின்பக்கம் போய் மேற்குக் கொட்டிலுக்குப் போன் எடுத்தாள். நானும் பின்னால் போனேன். அந்தப் பக்கம் கீர்த்திகா இருந்தாள். வங்கியில் வேலை செய்கிறவள், மத்தியானத்துக்குப் பிறகுதான் வந்து கொட்டிலைப் பொறுப்பெடுத்தவள்.

"கீர்த்தி, உங்கை கதைக்காத பொடியன் ஒருத்தர் எண்டு சொன்னீர். அவர் என்ன செய்யிறார்?"

"என்ரை மடியிலைதான் அக்கா. வந்ததிலையிருந்து என்ரை காதை விடுறாரில்லை. கிள்ளிக் கிள்ளி நோகுது."

வினோஜா போனைக் காதோடு அழுத்தினாள்.

"கீர்த்தி, நல்லாப் பாருமன். காதிலை துளை இருக்கோ?"

சிறிது நேரம் காற்றின் இரைச்சல்தான் கேட்டது. பிறகு கீர்த்திகாவின் குரல் வேறு மாதிரி வந்தது. "ஐயோ, ஓம் அக்கா. ரண்டு காதிலையும் இருக்கு. பொறுங்கோ, மேசைக்குக் கீழை ஒரு சொப்பிங் பை கிடக்கு, ஆரோ வைச்சிட்டுப் போனவை எண்டு நான் பாக்கேல்லை... ஈரச் சட்டை. றோஸ், அக்கா. றோஸ் சட்டை!"

வினோஜா போனை ஜெசிதாவிடம் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. அவளைத் தூக்கி நிறுத்தித்தான் சொன்னாள். "அக்கா, பிள்ளை கிடைச்சிட்டா. சுகமா இருக்கிறா. வாங்கோ, நானும் வாறன்." ஜெசிதா நம்பவில்லை. "காதைப் பிடிச்சுக்கொண்டு இருக்கிறாவாம்" என்று வினோஜா சொன்ன பிறகுதான் நம்பினாள். அந்தத் தாயிடமிருந்து அப்போது வந்த சத்தத்தை நான் எழுத முடியாது. அழுகையும் இல்லை, சிரிப்பும் இல்லை.

நான் மைக்கைத் திறந்து, "தண்ணியோரம் நிக்கிற லெனாட், பிள்ளை மேற்குக் கொட்டிலிலை இருக்கு, மேற்குக் கொட்டிலுக்கு ஓடிவாங்கோ" என்றேன். எழுதிவைத்த அழகான அறிவிப்புத் தமிழ் எல்லாம் எங்கேயோ போய்விட்டது. கரையில் நின்றவர்கள் கைதட்டினார்கள். நீண்ட நேரம் அந்தப் பெயரையே கேட்டுக் கேட்டு அவர்களும் பயந்துபோய் இருந்திருக்கிறார்கள்.

நடந்தது இதுதான். மெரிஷா ஐஸ்கிறீமைக் கையில் பிடித்துக்கொண்டு மேற்குப் பக்கம் நடந்திருக்கிறாள். கரையில் ஏறி வந்த அலை ஒன்று அவளை இடுப்பளவு நனைத்துவிட்டது. பக்கத்தில் நின்ற ஒரு பெண் பிள்ளையைத் தூக்கி, குளிரில் நடுங்குகிறதென்று தன் மகனுக்குக் கொண்டுவந்த மாற்று ரீ-சேட்டைப் போட்டுவிட்டு, கொட்டிலில் கொண்டுவந்து ஒப்படைத்து, ஈரச் சட்டையையும் பையில் போட்டு வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். பொறுப்பில் நின்றவர் தன் முறை முடிந்து தேத்தண்ணி குடிக்கப் போன கையோடு கீர்த்திகா வந்திருக்கிறாள். அவள் கண்டது ஒட்ட வெட்டிய தலை, நீல ரீ-சேட், தோடில்லாத காது. ஒருவரும் ஒன்றும் பிழையாகச் செய்யவில்லை. அந்தப் பெண்ணின் இரக்கம்தான் பிள்ளையை மறைத்துவிட்டது.

வினோஜா பிறகு எனக்குச் சொன்னாள். தாய் வந்ததைக் கண்டதும் மெரிஷா கீர்த்திகாவின் காதை விட்டுவிட்டுத் தாயின் காதைப் பிடித்தாளாம். அவ்வளவுதான். பிள்ளைக்குத் தான் தொலைந்துபோனதே தெரியாது. லெனாட் ஈரக் காற்சட்டையோடு ஓடிவந்து, பிள்ளையைத் தூக்காமல், முன்னால் குந்தியிருந்து பார்த்துக்கொண்டேயிருந்தாராம். அரை மணித்தியாலம் கழித்து மூவரும் என் கொட்டிலுக்கு வந்தார்கள். லெனாட் தன் சட்டையை எடுத்துக்கொண்டார். வினோஜாவிடம் வந்தார். "தங்கச்சி, சாப்பிட்டனியே?" என்று மட்டும் கேட்டார். அவள் இல்லையென்று தலையாட்டினாள். அவர் போய் எங்கள் எல்லாருக்கும் றோல்சும் பிளேன்ரீயும் வாங்கிவந்தார். எல்லாரும் நின்றபடியே சாப்பிட்டோம். எனக்கு அதுபோல ஒரு றோல்ஸ் பிறகு கிடைக்கவில்லை.

அந்த விழாவுக்குப் பிறகு சீட்டில் இன்னொரு கேள்வி சேர்ந்தது. உங்கள் பிள்ளை என்ன செய்யும்? பெற்றோர் எழுதுவதைப் பார்க்க வேண்டும். பெயரை எழுதும்போது எழுத்தைப் பிழைவிடுகிறவர்கள் இந்தக் கேள்விக்கு வந்ததும் கொஞ்சம் ஆறுவார்கள். சப்பாத்தை இடம் வலம் மாற்றித்தான் போடுவான், கோபம் வந்தால் நிலத்தில் இருந்துவிடுவாள், எந்தச் சைக்கிளைக் கண்டாலும் மணியை அடிப்பான் என்று எழுதுவார்கள். கண்டெடுத்த பிள்ளையைப் பற்றியும் "பொடியன்" என்று எழுதாமல், "பொடியன் போலத் தெரிகிறது" என்று எழுத வேண்டும் என்றாள் வினோஜா. கண்டது வேறு, நினைத்தது வேறு, இரண்டும் ஒரே சீட்டில் கலந்துவிடக்கூடாது என்பது அவள் கட்டளை.

சுற்றுவட்டாரத்தில் இந்தச் செய்தி பரவி, வேறு விழாக்காரரும் அவளைக் கூப்பிடத் தொடங்கினார்கள். வலிகாமத்தில் ஒரு கோயில் தேருக்குப் போனாள். அங்கே தொலைகிறவர்கள் பிள்ளைகளைவிட வயதானவர்கள்தான் கூட. ஆண்கள் எல்லாரும் வெள்ளை வேட்டி, மேலுடம்பில் சட்டையில்லை. நிறத்தை வைத்து என்ன செய்வது? அவள் அங்கே சீட்டுகளை ஊர்ப்படி கொளுவினாள். மறதி வந்தவர்களும் தாங்கள் பிறந்த ஊரை மறப்பதில்லை என்று கண்டாள். ஓர் இடத்தில் சரிவந்த ஒழுங்கை அப்படியே தூக்கி இன்னோரிடத்தில் வைக்கக்கூடாது, முதலில் போய் நின்று சனம் எப்படித் தேடுகிறது என்று பார்க்க வேண்டும் என்பாள். கேட்கிறவர்களுக்குச் சொல்வாள், கேட்காதவர்களிடம் சொல்லமாட்டாள்.

ஜெசிதாவும் அவளும் சிநேகிதிகளாகிவிட்டார்கள். மெரிஷா இப்போது சில சொற்கள் சொல்கிறாள், மீன் வகைகள்தான் அதிகம். போன ஆனி மாதம் குருநகர்ப் பக்கத்துத் தேவாலயம் ஒன்றின் பெருநாளுக்கு ஜெசிதாவே வினோஜாவைக் கூப்பிட்டாள். மைக் பிடிக்க நானும் போனேன். புனிதரின் சுரூபம் சுற்றிவரும் மாலை நேரம். இருவரும் ஒரு மேசையின் இரு பக்கத்தில் சீட்டும் பேனையுமாக இருந்தார்கள். சனம் நெருக்கமாக நின்றது. ஆனால் பிள்ளைகள் எல்லாரும் பெற்றோரின் கையில்தான் இருந்தார்கள்.

கடைசியில் வினோஜாவின் பக்கம் ஒரு பெரியவர் வந்தார். பெயர் சிமியோன்.

"மனிசியைக் காணேல்லைப் பிள்ளை. நீலச் சீலை. ஐம்பது வயசு இருக்கும். நல்ல உயரம்."

அதே நேரம் ஜெசிதாவின் பக்கம், சனத்துக்குள்ளிருந்து ஒரு கட்டையான அம்மா வந்து சேர்ந்தார். பச்சைச் சேலை, எழுபது வயதுக்குக் குறையாது.

"பிள்ளை, எங்கடை மனிசன் துலைஞ்சிட்டார். வழியிலை ஆர் கூப்பிட்டாலும் நிண்டு கதைச்சுக்கொண்டு நிப்பார். அதை எழுதுங்கோ, அது போதும்."

ஜெசிதா எழுதிவிட்டு நிமிர்ந்தாள். மேசையின் மறுபக்கத்தில் பெரியவர் தன் மனைவியைத் தேடுவதை விட்டுவிட்டு, சீட்டு எப்படிச் செய்தது, கிளிப் எங்கே வாங்கினது என்று வினோஜாவிடம் நின்று கதைத்துக்கொண்டிருந்தார். இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சீட்டு இரண்டையும் கயிற்றில் கொளுவ அவசியம் வரவில்லை.

"எங்கை போனனீர்?" என்றார் அந்த அம்மா.

"நான் இஞ்சைதானே நிக்கிறன்" என்றார் சிமியோன்.